மேம் ஸ்லாங் சரியில்லை

செமஸ்டர் முடியும் சமயத்தில் மாணவர்களிடம் ஆசிரியரைப் பற்றிக் கருத்து எழுதி வாங்குவார்கள். பெயர் போட வேண்டியதில்லை. இப்போது எல்லாம் கணினியில் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த 2007-ல் தாளில்தான் எழுதித் தருவார்கள். எனக்கு வந்த முதல் தாள்கட்டில் மேலிருந்து மூன்றாவது தாளில் இரண்டே வரி: ‘மேம் நல்லா நடத்துறாங்க. ஆனா ஸ்லாங் சரியில்லை.’

நம் ஊர்க் கல்லூரிகளில் ‘ஸ்லாங்’ என்றால் அகராதி சொல்கிற கொச்சை வழக்கு என்ற பொருள் கிடையாது. உச்சரிப்பு, இழுவை, வாக்கியத்தின் ராகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒரே சொல். மதுரை ஸ்லாங், நெல்லை ஸ்லாங் என்று தமிழுக்குச் சொல்வதைப் போலத்தான் இங்கிலீஷுக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நெல்லை ஸ்லாங் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்பார்கள். இங்கிலீஷில் நம் ஊர் வாசனை வந்தால் மட்டும் ‘சரியில்லை’ ஆகிவிடுகிறது.

அந்தத் தாளை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எனக்கு ஊர் செய்யாறு பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தபோதுகூட பாதிப் பாடம் தமிழில்தான் விளங்கியது. இங்கிலீஷ் எனக்குள் கண் வழியாக வந்த மொழி. படித்துப் படித்து வந்தது. ஒரு சொல்லை வாயால் சொல்வதற்கு முன் ஐம்பது முறை அச்சில் பார்த்திருப்பேன், காதால் ஒருமுறையும் கேட்டிருக்க மாட்டேன். தமிழ்நாட்டில் ஆங்கிலம் நடத்துகிற ஆசிரியர்களில் என்னைப் போன்றவர்கள் ஏராளம். வண்டலூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பதினேழு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ‘ஸ்லாங்’ விஷயத்தில் நான் பட்டதையும் மாற்றிக்கொண்டதையும் எழுதினால், புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்காவது உதவும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நான் செய்தது தப்பு. அந்தக் கோடை விடுமுறை முழுக்க டிவியில் அமெரிக்கச் செய்தி சானலைப் போட்டு வாயைப் பழக்கினேன். அடுத்த பேட்ச் வந்தபோது என் ‘வாட்டர்’ ‘வாடர்’ ஆகியிருந்தது. ‘பெட்டர்’ ‘பெடர்’ ஆகியிருந்தது. முதல் இரண்டு வாரம் வகுப்பு அமைதியாகக் கேட்டது. சரி, வேலை செய்கிறது என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் நோட்டுகளைத் திருத்தும்போதுதான் தெரிந்தது. நான் எழுத்தாளரைச் சொன்ன இடத்திலெல்லாம் பாதிப் பேர் வண்டி ஓட்டுகிறவரை எழுதியிருந்தார்கள். ‘ரைட்டர்’ என்பதை அமெரிக்கர்போலச் சொன்னால் அது ‘ரைடர்’ மாதிரிதான் காதில் விழும். அங்கே வளர்ந்தவர்களுக்கு முன்பின் வாக்கியம் வைத்துப் புரிந்துவிடும். என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படிப் புரியும்?

அந்த வாரமே ஒரு பெண் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். ‘மேம், எங்ககிட்ட தனியா பேசும்போது நீங்க பேசுற இங்கிலீஷ் நல்லா புரியுது. க்ளாஸ்ல மட்டும் வேற மாதிரி பேசுறீங்க. ஏன் மேம்?’ குறை சொல்ல வந்தவள் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாளிலிருந்து அந்த வேஷத்தை விட்டுவிட்டேன்.

விட்ட பிறகும் ‘சரியில்லை’ என்ற அந்தச் சொல் போகவில்லை. எது சரியில்லை என்று யாரும் எழுதியிருக்கவில்லை, நானும் கேட்டதில்லை. அதைப் பிரித்துப் பார்க்கவே எனக்குப் பல வருஷம் ஆனது.

யார் இப்படிச் சொல்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். அறுபது பேர் உட்காரும் வகுப்பில் அண்ணா நகர், அடையாறு பக்கத்துப் பெரிய பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள். இவர்கள் ஒரு சொல் பிசகினால் பக்கத்துப் பையனைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஏழெட்டு வருஷமாக மெட்ரிக் பள்ளியில் மாதம் தவறாமல் ஃபீஸ் கட்டி, வீட்டில் முதல் தலைமுறையாக இங்கிலீஷ் பேச வந்த பிள்ளைகள்தான் ரொம்பக் கடுமையாகச் சொல்கிறவர்கள். அவர்கள் வீட்டில் இங்கிலீஷுக்காக அம்மா நகையை அடகு வைத்திருப்பார். ஆசிரியர் வாயில் செய்யாறு கேட்டால் அவர்களுக்குப் பயம் வருகிறது. இவ்வளவு செலவு செய்தும் மறுபடி அங்கேயேதான் நிற்கிறோமா என்கிற பயம். அதைப் புரிந்துகொண்ட பிறகு அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

மூன்றாவது வகைப் பிள்ளைகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள். 2021-ல் பொறியியல் சேர்க்கையிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்த பிறகு, தமிழ் வழியில் படித்தவர்கள் என் வகுப்புக்குக் கூடுதலாக வந்தார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பையன். முதல் மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் லேபில் ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டே, ‘நான் நடத்துறது புரியுதாப்பா?’ என்று கேட்டேன். ‘புரியுது மேம்’ என்றான். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, ‘முழுசா புரியுது மேம். அதனாலதான், இது நெஜமான இங்கிலீஷ் இல்லையோன்னு நெனச்சேன்’ என்றான்.

அன்றைக்கு பஸ்ஸில் தாம்பரம் வரைக்கும் அந்த வாக்கியம்தான் என்னோடு வந்தது. பன்னிரண்டு வருஷம் அந்தப் பையனுக்கு இங்கிலீஷ் என்றால் புரியாதது என்றே பழகியிருக்கிறது. புரிந்துவிட்டால் அது மட்டமானதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறான். என் ஸ்லாங்கைப் பற்றிய அவன் எண்ணம் அவனைப் பற்றிய எண்ணம்தான். தன் காதுக்கு எட்டுகிற இங்கிலீஷையே மதிக்காதவன் தன் வாயில் வரும் இங்கிலீஷை எப்படி மதித்துப் பேசுவான்? அவன் முதல் மாதம் பேசாமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதைப் பற்றி வெளியே என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். 1992-ல் அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் பேசிய சின்ன வகுப்புரையை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழுவுக்குப் பேசுபவர் படமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் காட்டினார். இன்னொரு குழுவுக்கு ஓர் ஆசியப் பெண். குரல் ஒன்றேதான். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் வெளிநாட்டு உச்சரிப்பு கேட்டது. பாடத்தில் அவர்கள் மனதில் நின்றதும் குறைவாக இருந்தது. படித்ததும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. கேட்கிறவர் மனதில் உள்ளதும் சேர்ந்துதான் காதில் விழுகிறது. எல்லாம் என் வாயின் குற்றம் இல்லை.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு ‘என் இங்கிலீஷில் ஒன்றும் குறையில்லை, எல்லாம் அவர்கள் மனசு’ என்று ஓர் ஆசிரியர் சாய்ந்துகொண்டால் அதுவும் ஆபத்து. நானே ஒரு வருஷம் அப்படி இருந்தேன். அதிலிருந்து என்னை எழுப்பியவன் பெருங்குடியில் ஒரு வாடிக்கையாளர் சேவை நிறுவனத்தில் வேலைக்குப் போன என் பழைய மாணவன். வேலையில் சேர்ந்து மூன்று மாதத்தில் போன் பண்ணினான். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதற்கு, ஒரு கட்டுக்குள் எத்தனை உருப்படி இருக்கும் என்று இவன் சொல்லியிருக்கிறான். கட்டுக்கு இவன் சொன்ன இங்கிலீஷ் சொல் அவர் காதில் பை என்று விழுந்து ஆர்டரே மாறிவிட்டது. ‘எம்டிஐ அதிகம்’ என்று சூப்பர்வைசர் எழுதிவிட்டாராம். தாய்மொழித் தாக்கத்துக்கு அந்த வேலையில் அப்படித்தான் சுருக்கமாகச் சொல்வார்கள். ‘மேம், நான் பேக்னுதான் சொன்னேன். அவங்களும் பேக்னுதான் திருப்பிச் சொன்னாங்க’ என்றான் பாவம்.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ‘பேக்’ என்று தமிழில் எழுதுங்கள். மூட்டை கட்டுவதும் பேக், முதுகும் பேக், கையில் தூக்கும் பையும் பேக். இங்கிலீஷில் மூன்று தனிச் சொற்கள், நம் எழுத்தில் ஒன்று. ‘பால்’ என்பதில் வரும் ப-வையும் ‘பஸ்’ என்பதில் வரும் ப-வையும் நாம் காதால் பிரித்துவிடுவோம். ஆனால் பால் என்பதன் ப-வைச் சொல்லும்போது நாம் மூச்சைத் தள்ளுவதில்லை. இங்கிலீஷ்காரர்கள் சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க மூன்றையும் ஒரு சின்ன மூச்சு வெடிப்போடு சொல்வார்கள். அந்த மூச்சு இல்லாத ‘ப’ அவர்கள் காதுக்குப் பஸ்ஸின் ‘ப’ ஆகிவிடுகிறது. கோட்டு என்று சொன்னால் ஆடு என்று விழுந்துவிடும்.

இதை அந்தப் பையனுக்கு நான் சொல்லித் தந்ததே இல்லை. எனக்கே அப்போது தெரியாது. அந்த போன் வந்த அன்றுதான் ‘ஸ்லாங் சரியில்லை’ என்பதற்குள் இரண்டு விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. ஒன்று, நான் செய்யாறுக்காரி என்று காட்டுகிற வாசனை. அது யாருக்கும் தடை இல்லை. இன்னொன்று, கேட்பவருக்குச் சொல்லே மாறிப் போகிற இடம். அதைத் திருத்தாமல் விட்டால் என் பிள்ளைகள் சம்பளத்தில் அடிபடுவார்கள்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. 1995-ல் கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இருவர், சீன மொழி பேசுகிறவர்களின் இங்கிலீஷை இங்கிலீஷ்காரர்களிடம் போட்டுக்காட்டி, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னார்கள். உச்சரிப்பு ரொம்பவே வேறாக இருக்கிறது என்று சொன்ன வாக்கியங்களில் பலவற்றைக்கூட ஒரு சொல் விடாமல் சரியாக எழுதினார்கள். வேறாகக் கேட்பதும் புரியாமல் போவதும் தனித்தனி. நம் நாட்டிலேயே ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனத்தில் ஆர்.கே. பன்சால் என்பவர் இந்தியர் பேசும் இங்கிலீஷ் எங்கே புரியாமல் போகிறது என்று ஆராய்ந்து 1969-லேயே சொல்லிவிட்டார். முக்கியமான காரணங்களில் ஒன்று சொல்லில் எந்த இடத்தில் அழுத்துகிறோம் என்பது. எம்.ஏ., எம்.ஃபில் இரண்டும் முடித்த எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதன்பின் நான் செய்தவற்றைச் சொல்கிறேன்.

எதை விட்டுவிடலாம் என்று முதலில் முடிவு செய்தேன். நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டிச் சொல்லும் ஒலிக்கு நாம் ‘த’ போடுகிறோம். அதனால் பெரிதாக எதுவும் கெடுவதில்லை. நம் ‘ர’ கொஞ்சம் உருளும், நம் ‘ட’ கொஞ்சம் அழுத்தமாக விழும். இருக்கட்டும். மாற்ற வேண்டியவை என்று ஐந்தைக் குறித்துக்கொண்டேன்: சொல் அழுத்தம், அந்த மூச்சு, உதட்டைக் குவிக்கிற ‘வ’, ‘எம்’ என்பதை ‘யெம்’ என்றும் ‘ஒன்லி’ என்பதை ‘வொன்லி’ என்றும் ஆக்குவது, ‘பஸ்ஸு’, ‘லைட்டு’ என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டுவது. எல்லாம் எனக்கே இருந்தவை.

மூச்சுக்கு பஸ் டிக்கெட்தான் கருவி. எம்டிசி டிக்கெட் மெல்லிய தாள். உதட்டுக்கு முன் ஒரு விரல்கடை தூரத்தில் தொங்கவிட்டு, ‘பேப்பர்’ என்று சொல்ல வேண்டும். முதல் ‘பே’யில் டிக்கெட் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் தமிழ் ‘பே’ சொல்லியிருக்கிறீர்கள். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன் வீட்டில் கண்ணாடி முன் நின்று நானே ஒரு வாரம் பழகினேன். முதல் இரண்டு நாள் டிக்கெட் அசையவே இல்லை. வகுப்பில் காட்டியபோது அறுபது டிக்கெட் ஒரே சமயத்தில் ஆடின. கண்ணால் பார்க்க முடிகிற பாடம் யாருக்கும் மறப்பதில்லை.

சொல் அழுத்தத்துக்குப் பெஞ்சுதான் எங்கள் கருவி. தமிழில் ஒவ்வொரு அசையையும் முழுசாகச் சொல்வோம், எதையும் விழுங்க மாட்டோம். இங்கிலீஷில் ஒன்று எழும், மற்றவை அடங்கும். இதை விளக்கி விளக்கிப் பலனில்லாமல் இருந்தபோது, வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பையன் கடைசிப் பெஞ்சில் கானாவுக்குத் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். அவனையே முன்னால் கூப்பிட்டேன். ‘ஃபோட்டோகிராஃப், முதல் தட்டு கனமா போடு’ என்றேன். போட்டான். ‘இப்போ ஃபடாக்ரஃபர், ரெண்டாவது கனம்.’ போட்டான். ‘ஃபோட்டக்ராஃபிக், மூணாவது.’ அதற்குள் வகுப்பே தட்ட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரே சொல் குடும்பத்தில் கனம் இடம் மாறுவதை அன்று கையால் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பையன் அந்த செமஸ்டர் முழுக்க எங்கள் தாள மாஸ்டர். புதுச் சொல் எது வந்தாலும் அவன் தட்டிக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் சொல்வார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த ஆசிரியரால் மட்டும் தர முடிகிற விஷயம் நிறைய இருக்கிறது. அமெரிக்கர் சொல்லும் ‘ர்’ எப்படி வரும் என்று ஒரு பெண் கேட்டாள். ‘ழ் சொல்லு. அதுக்குக் கிட்டத்தட்ட பக்கத்துலதான் இருக்கு’ என்றேன். சொன்ன நொடியில் வந்துவிட்டது. குறில், நெடில் தெரிந்த பிள்ளைக்குக் கப்பலும் செம்மறி ஆடும் குழம்பவே குழம்பாது. ஷிப், ஷீப், அவ்வளவுதான். தொல்காப்பியத்தின் பிறப்பியலில், பல்லும் இதழும் சேர வகாரம் பிறக்கும் என்று இருக்கிறது. இங்கிலீஷின் ஒரு ‘வ’ அப்படியே அதுதான், அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, பல் படாமல் சொல்லும் இன்னொரு ‘வ’வை மட்டும் கற்றால் போதும். இதையெல்லாம் நான் வகுப்பில் தமிழில்தான் சொல்வேன். ‘இங்கிலீஷ் மேம் தமிழ்ல பேசுறாங்களாமே’ என்று ஒரு அம்மா பெற்றோர் கூட்டத்தில் வருத்தப்பட்டார். மகனைக் கூப்பிட்டு டிக்கெட்டை ஆட்டிக் காட்டச் சொன்னேன். அவருக்குத் திருப்தி.

தப்பைத் திருத்துகிற மாணவனை எப்படி எதிர்கொள்வது என்று இளம் ஆசிரியர்கள் கேட்பார்கள். எனக்கு அது ‘டிட்டர்மைன்’ என்ற சொல்லில் நடந்தது. கணக்குக் கேள்விகளில் தினமும் வருகிற சொல். சுரங்கத்தைக் குறிக்கும் ‘மைன்’ போல அதன் கடைசியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பெஞ்சுப் பையன் ஒருவன், ‘மேம், அது டிடர்மின்’ என்றான். வகுப்பு சிரித்தது. அன்று எனக்கு முகம் சூடாகிவிட்டது, ‘ரெண்டும் சொல்லலாம்’ என்று மழுப்பிவிட்டேன். அது பொய். இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்பு தொடங்கியதும் பலகையில் அந்தச் சொல்லை எழுதி, அகராதி ஆப்பைத் திறந்து போனை மைக் அருகே பிடித்துப் போட்டுக்காட்டினேன். ‘நேத்து தம்பி சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு’ என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பலகையின் வலது ஓரம் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அங்கே எழுதலாம், வகுப்பு முடிவில் எல்லோரும் சேர்ந்து அகராதியில் கேட்போம். பல நாள் மாணவர் சொன்னது சரியாக இருக்கும், சில நாள் நான் சொன்னது. இரண்டுமே செல்லும் என்று அகராதி சொல்லும் நாளும் உண்டு. பிரிட்டனில் ஒரு மாதிரி, அமெரிக்காவில் ஒரு மாதிரி என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிய வரும்.

அதேபோல் ஒரு விதியும் வைத்தேன், அதை மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒருவர் வாயை இன்னொருவர் இமிட்டேட் செய்யக் கூடாது. பேச முயல்கிறவனைப் ‘பீட்டர்’ என்று கூப்பிடக் கூடாது. தப்பாகப் பேசினால் சிரிப்பு, நன்றாகப் பேசினால் பீட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை எங்கேதான் போய் நிற்பான்?

கல்லூரிக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு ஆசிரியர் பத்து நாள் வந்தார். நல்ல மனிதர். பிள்ளைகள் அவரோடு போட்டோ எடுத்தார்கள், கேன்டீனில் பொங்கல் வாங்கிக்கொடுத்தார்கள். மூன்றாவது நாளிலிருந்து சாயங்காலம் என்னிடம் வந்து, ‘மேம், சார் இன்னைக்கு என்ன சொன்னார்?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. அவர் வேகத்துக்கு அவர்கள் காது பழகவில்லை, பழக வேண்டியது அவசியம். அதனால் அவர் போன பிறகு வாரம் ஒருநாள் லேபில் பல ஊர்க் குரல்களைப் போட ஆரம்பித்தேன். கிரிக்கெட் கமென்ட்ரிதான் சுலபமாக வேலை செய்தது. 2016 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், கொல்கத்தா, கடைசி ஓவரில் நான்கு சிக்ஸர். டிரினிடாட்காரரான இயன் பிஷப் ‘கார்லோஸ் பிராத்வெயிட், ரிமெம்பர் தி நேம்’ என்று கத்தும் இடம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ‘இவர் ஸ்லாங் எப்படி?’ என்று கேட்டேன். ‘செம மேம்’ என்றார்கள். ‘அது அமெரிக்கனா, பிரிட்டிஷா?’ வகுப்பு அமைதியானது. இரண்டும் இல்லை, கரீபியன் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். அடுத்து ஹர்ஷா போக்ளேயைப் போட்டேன். ஹைதராபாத்காரர், உலகம் முழுக்க உட்கார்ந்து கேட்கிறது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியைக் கடக்கிற பிள்ளைகளிடம் இன்னொருவரையும் சொல்வேன். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி 1890-களில் அங்கே தலைமை ஆசிரியராக இருந்தார். பின்னாளில் அவர் இங்கிலீஷ் பேச்சைக் கேட்டு இங்கிலாந்திலேயே வெள்ளி நாக்கு படைத்தவர் என்று கொண்டாடினார்கள். பள்ளிக்கூட வாத்தியார், நம்மைப் போலக் கற்றுக்கொண்டு பேசியவர்.

ப்ளேஸ்மென்ட் நெருங்கும்போது வேறு ஒரு கேள்வி வரும். ‘மேம், வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் எழுதணும், ஆக்சென்ட் மாத்திடணுமா?’ அந்த ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் நான்கு அளவுகோல். தடங்கலில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. உச்சரிப்பிலும் கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் கணக்கு, லண்டன்காரர்போல இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் மூச்சு விடுகிற சத்தமே கேட்கும்.

ஆசிரியர்களுக்கு நான் சொல்கிற பழக்கம் இரண்டுதான். வாரம் ஒருமுறை உங்கள் வகுப்பில் இரண்டு நிமிஷம் போனில் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே கேட்காதீர்கள், மூன்று நாள் கழித்துக் கேளுங்கள். நான் மின்சார ரயிலில் போகும்போது கேட்பேன். கிண்டியில் ஏறி குரோம்பேட்டை வருவதற்குள் எந்த வாக்கியம் எனக்கே தெளிவாக இல்லை என்று தெரிந்துவிடும். வேகம்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும், உச்சரிப்பு குறைவு.

இரண்டாவது, ‘என் இங்கிலீஷ் எப்படி?’ என்று மாணவர்களிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஸ்லாங் என்றுதான் பதில் வரும். ஒரு சின்னத் துண்டுச் சீட்டு கொடுத்து, ‘இன்னைக்கு நான் சொன்னதுல எந்தச் சொல் காதுல சரியா விழலை?’ என்று மட்டும் கேளுங்கள். நான் பத்து வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் இதைச் செய்கிறேன். சீட்டு வரும் விதமே மாறிவிட்டது. ஆரம்பத்தில் ‘எல்லாம் புரிந்தது மேம்’ என்று மரியாதைக்கு எழுதுவார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு, அவர்கள் எழுதிய சொல்லை நான் திங்கட்கிழமை பலகையில் போட்டு மறுபடி சொல்லிக் காட்டுவதைப் பார்த்ததும், நிஜமாக எழுத ஆரம்பிப்பார்கள்.

போன மாதம் ஆட்டோமொபைல் பிரிவு வகுப்பில் வாங்கிய சீட்டுகளில் ஒன்றில் இப்படி இருந்தது: ‘வெஹிக்கிள். மேம் ஹ சத்தமா சொல்றீங்க. நான் கேட்ட வீடியோல ஹ வரல.’ நானும் என் ஊரும் பக்கத்து ஊரும் வாழ்நாள் முழுக்க ‘ஹ’ போட்டுச் சொல்லும் சொல் அது. திங்கட்கிழமை காலையில் பலகையின் வலது ஓரத்தில் எழுதினேன். போனை மைக் அருகே பிடித்தேன். ‘வீயிக்கிள்’ என்று கேட்டது. இன்னொரு முறை போட்டேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள், சீட்டு அவளுடையதாக இருக்க வேண்டும். ‘முதல் தட்டு கனம்’ என்றேன். அறுபது பேரும் பெஞ்சில் தட்டினார்கள்.